தலையைத் தாங்கிய நான்கு கைகள்

அப்பா பனையிலிருந்து விழுந்தபோது எனக்கு ஒன்பது வயது. மழை விட்ட காலை. மரம் வழுக்கும் என்று தெரிந்துதான் ஏறினார். பாதி மரத்தில் கால் நழுவியது. கீழே மண் இளகிக் கிடந்ததால் உயிர் தங்கியது. வலது தொடை எலும்பு முறிந்தது. எலும்பு வைக்கிற வைத்தியர் வந்து மூங்கில் பத்தைகளை வைத்துக் கட்டி, "ரெண்டு மாசத்துக்கு அசையாண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா ஏறாவிட்டால் எங்கள் வீட்டில் பதநீர் கிடையாது. அம்மா பக்கத்துப் பனந்தோப்புகளுக்குக் கருப்பட்டி காய்ச்சப் போனாள். பகலெல்லாம் அப்பாவுக்குத் துணை நான்.

முறிந்த தொடையைவிடப் பாதம்தான் அவரை அதிகமாக வதைத்தது. உள்ளே ஏதோ மாட்டிக்கொண்டு வெளியே வர வழி தேடுவதைப் போல அது துடித்துக்கொண்டே இருக்கும்.

"மக்கா, அந்தப் பாதத்தக் கொஞ்சம் பிடி."

பிடித்தேன். நல்ல பிள்ளை என்று பேர் வாங்குவதற்காக அமுக்கிப் பிடித்தேன். அப்பா பல்லைக் கடித்தார்.

"அமுக்காண்டாம் மக்கா. சும்மா பிடி. பிடிச்சமேனிக்கே இரு."

ஒன்பது வயதில் சும்மா இருப்பது லேசான வேலை இல்லை. கையை நகர்த்தினால் அவர் முனகுவார். எறும்பு கடித்தாலும் நகர்த்தக் கூடாது. எங்கள் வீட்டுக் கூரை பனையோலை. ஓலையின் ஓட்டைகள் வழியாக வெயில் வட்டம் வட்டமாக உள்ளே விழும். காலையில் அந்த வட்டங்கள் அப்பாவின் நெஞ்சில் இருக்கும். உச்சியில் தரைக்கு இறங்கும். சாயங்காலம் சுவரில் ஏறிச் சிவந்து மறையும். அவற்றைப் பார்த்துக்கொண்டே பாதத்தைப் பிடித்திருப்பேன். விழித்திருக்கிறேனா உறங்குகிறேனா என்று எனக்கே தெரியாத பொழுதுகள் அவை.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, உள்ளங்கைக்குக் கீழே ஒன்றை உணர்ந்தேன். அண்டாவில் பதநீர் கொதி வருவதற்கு முன்னால் மேல்பரப்பில் ஓர் அசைவு வருமே, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், அதைப் போல. பாதம் மெல்லப் பெருத்து மெல்லச் சுருங்கியது. அப்பாவின் மூச்சு அல்ல அது, நாடித்துடிப்பும் அல்ல. அதைவிட நிதானமானது. அது வந்த கொஞ்ச நேரத்தில் துடிப்பு நின்று அப்பா உறங்கிவிட்டார். விழுந்த நாளுக்குப் பிறகு அவர் வாய் திறந்து உறங்கியது அன்றைக்குத்தான்.

அப்பா பிழைத்து எழுந்தார். வலது கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. பிறகு பனை ஏறவில்லை; தும்பு திரித்துக் கயிறு முறுக்கினார். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்ததும் லேஸ் பின்னப் போனேன்.

லேஸ் கிளாஸ் ஒரு நீண்ட ஓட்டுக் கட்டடம். முப்பது பெண்கள் மடியில் ஆளுக்கொரு உருளைத் தலையணையோடு உட்கார்ந்திருப்போம். தலையணையில் குண்டூசிகள், குண்டூசிகளைச் சுற்றி நூல், ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு சின்ன மரக்கட்டை. பாபின் என்போம். அவற்றை மாற்றி மாற்றிப் போடும் சத்தம் ஓட்டின்மேல் தூறல் விழுவதைப் போலக் கேட்டுக்கொண்டே இருக்கும். நூலை இழுத்தால் பூ சுருங்கும். விட்டால் தொய்யும். இந்த இரண்டுக்கும் நடுவில் விரல் நிற்க வேண்டும். எட்டு வருஷம் நான் அந்த நடுவில்தான் இருந்தேன்.

எங்களை மேற்பார்வை பார்க்கும் வெள்ளைக்கார மதாம்மாவுக்கு ஒரு நாள் தலைவலி. வெளிச்சம் கண்ணில் படாதபடி கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். வாந்தி வருகிறதோ என்று பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். என்ன துணிச்சல் என்று இன்றும் தெரியவில்லை. பின்னால் போய் நின்று இரண்டு கைகளையும் அவர் தலையின் பக்கவாட்டில் வைத்தேன். பாபின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. முப்பது பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதத்தில் கண்ட அதே அசைவு தலையிலும் இருந்தது. ஒரு பக்கம் வந்தது, மறுபக்கம் வரவில்லை. அது வரும் வரைக்கும் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் மதாம்மாவிடமிருந்து குறட்டை வந்தது. எங்களில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்து, அது மற்றவர்களையும் தொற்றி, எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. என் கைகள் எனக்குச் சொந்தம் இல்லாதவைபோல அங்கேயே இருந்தன.

அதன் பிறகு எனக்குப் பெயர் 'உறக்கக்காரி'.

தக்கலையில் ரெஜிஸ்தர் ஆபீசில் நகல் எழுதும் ஒருவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அமைதியான மனுஷர். நாள் முழுக்கப் பத்திரங்களைப் பார்த்து எழுதி அவருக்கு மணிக்கட்டு பிடித்துக்கொள்ளும். கல்யாணமான முதல் மாசம் எங்களுக்குள் பேச ஒன்றும் இருக்கவில்லை. சாயங்காலம் வந்ததும் அவர் கையை என் மடியில் வைப்பார். நான் பிடித்திருப்பேன். முற்றத்துப் பலாவில் காக்கைகள் வந்து அடங்கும். அப்படித்தான் நாங்கள் பழகினோம்.

ஆட்கள் வர ஆரம்பித்தது லேஸ் கிளாஸ் பெண்கள் சொல்லித்தான். நான் அப்போது அங்கே டீச்சராகியிருந்தேன். பிரசவத்துக்குப் பிறகு இடுப்பு நிமிராதவர்கள், நாற்று நட்டு முதுகு இறுகியவர்கள், காரணம் தெரியாமல் நெஞ்சு அடைக்கிறவர்கள். எல்லாரும் பெண்கள். வீட்டின் பின்னறையில் ஒரு கயிற்றுக் கட்டிலைக் கல்லின் மேல் உயர்த்திப் போட்டிருந்தேன்.

நான் செய்ததைச் சொல்வது சுலபம். வருகிறவருக்கு முதலில் கஞ்சி கொடுப்பேன். பசித்த உடம்பு எதையும் நம்பாது. என் கைகளை வெந்நீரில் கழுவுவேன். குளிர்ந்த கை பட்டால் தோல் சுருண்டுகொள்ளும். எண்ணெய் கிடையாது. தேய்த்துவிடுவது கிடையாது, முறுக்குவது கிடையாது. எங்கே நோகிறது என்று கேட்பேன், ஆனால் அங்கே கை வைக்க மாட்டேன். கொஞ்சம் தள்ளி வைப்பேன். அழுகிற குழந்தையை நேரே பார்த்தால் இன்னும் அழுமே, அதனால். பிறகு காத்திருப்பேன். உடம்பு எந்தப் பக்கம் போக நினைக்கிறதோ அந்தப் பக்கம் அதோடு கொஞ்சம் போவேன். கோணிய தோளை நேராக்கமாட்டேன். கோணலுக்கே துணை போவேன். துணை கிடைத்த பிறகு அதுவே திரும்பி வரும். எல்லாருக்கும் வந்தது என்று சொல்லவில்லை.

ஒரு புதுப் பெண் வயிற்றுவலி என்று வந்தாள். கை வைத்தேன், உறங்கினாள். எனக்கு உள்ளூரப் பெருமை. நாலாம் நாள் அவளை மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். குடலில் சீழ். வயிற்றைக் கீறி அவளைக் காப்பாற்றினார்கள். நான் போய்ப் பார்த்தபோது அவளுடைய அம்மா ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு காய்ச்சலோ வாந்தியோ உள்ளவர்களை நான் தொட்டதில்லை. "முதல்ல டாக்டரப் பாத்துட்டு வா" என்று திருப்பிவிடுவேன்.

எங்கள் வேதக்கோயிலிலும் பேச்சு எழுந்தது. போதகர் ஐயா வீட்டுக்கே வந்துவிட்டார்.

"என்ன மந்திரம் சொல்லுவே?"

"ஒண்ணுமில்ல ஐயா. சும்மா பிடிச்சிருப்பேன்."

"ஜெபிப்பியா?"

"கைய வைக்கதுக்கு முந்தி ஒரு தடவ. பொறவு மனசு வெறுமதான் இருக்கும்."

 அவர் எழுந்து போகும்போது, அடுத்த வாரம் தன் மனைவியை முட்டுவலிக்கு அனுப்பலாமா என்று கேட்டார்.

அந்த வருஷத்து மழை முடிந்த சமயத்தில்தான் கடலோரக் கடியப்பட்டணத்திலிருந்து அந்தப் புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள்.

உச்சிப் பொழுது. மனைவி முன்னால் வந்தாள். தலையில் மீன்கூடை சுமந்து சுமந்து நிமிர்ந்துபோன நடை. பின்னால் அவள் கணவன். தலையில் துண்டைப் போர்த்தியிருந்தான். அவள் துண்டை எடுத்ததும்தான் தெரிந்தது. கழுத்து இடப்பக்கம் திரும்பி, தாடை தோளோடு ஒட்டிக் கிடந்தது. கண் யாரையும் பார்க்கவில்லை.

"ஆறு மாசமாச்சு டீச்சரே," என்றாள். "மரம் மறிஞ்சு போச்சு. இவரும் எனக்க தம்பியும் போனாங்க. இவரு மட்டும் கரைக்கு வந்தாரு. வந்தப்பமே கழுத்து இப்பிடித்தான். வர்ம ஆசான் ரெண்டு தடவ பிடிச்சுத் திருப்பிப் பாத்தாரு. பொறவு ஆரையும் பக்கத்துல விடமாட்டேங்காரு."

மரம் என்றால் கட்டுமரம்; அது கடலில் கவிழ்ந்திருக்கிறது. தம்பி என்று சொன்னபோது அவள் குரல் மாறவில்லை. கூடையை இறக்கி வைப்பதைப் போலச் சொன்னாள்.

அன்று ஆபீசுக்கு விடுமுறை. என் கணவர் என்னை அடுக்களைக்கு அழைத்தார்.

"ஏட்டி, ஆம்பளையத் தொடணுமா? போதகர் இப்பத்தான் ஒரு வழியா அடங்கியிருக்காரு. இதுல இவங்க நம்ம சபையில்ல, ஆர்.சி. ஆளுக வேற."

"நடந்து வந்திருக்காங்க. எப்பிடித் திருப்பி அனுப்ப?"

"அனுப்பச் சொல்லல்ல. தொடாம பாக்க முடியுமான்னுதான் கேக்குதேன்."

அவர் கேட்டதில் தப்பில்லை. அந்தக் காலம் அப்படி. கைகளை வெந்நீரில் வைத்துக்கொண்டு யோசித்தேன். தண்ணீர் ஆறுவதற்குள் ஒரு வழி தோன்றியது.

அவனைக் கட்டிலில் படுக்கச் சொன்னேன். மனைவியைத் தலைமாட்டில் உட்காரச் சொன்னேன். "அக்கா, ரெண்டு கையையும் அவருக்க தலைக்கு அடியில வையுங்க." வைத்தாள். நான் அவளுக்குப் பின்னால் முட்டுக்குத்தி, அவள் இரண்டு பக்கமும் கைகளை நீட்டி, அவள் புறங்கைகளை என் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டேன். அவன் தலை அவள் கையில். அவள் கை என் கையில்.

உப்பும் கத்தியும் பட்டுத் தடித்த கைகள். அவற்றின் வழியாக எனக்கு என்ன தெரியப்போகிறது என்று முதலில் சலிப்பாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பலாவிலை ஒன்று சுழன்று விழுந்தது. எங்கோ செக்கு கிறீச்சிட்டது. மெல்ல மெல்ல அவள் கைகள் கண்ணாடியைப் போலாயின. அவற்றுக்கு அப்பால் அவன் தலை தெரிந்தது. அவன் தலையை எங்களிடம் கொடுக்கவே இல்லை. எங்கள் கைகளில் கிடந்தும் அதைத் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். ஆறு மாசமாக, உறக்கத்திலும் அப்படித்தான் பிடித்திருப்பான் என்று தோன்றியது.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வாரமும் இல்லை. மூன்றாம் தடவை அவன் கொஞ்சம் கண் அயர்ந்தான். திருப்ப முயலவே இல்லை நான். இடப்பக்கம் போக விரும்பிய தலையை, இன்னும் ஒரு நூலளவு இடப்பக்கமே போக விட்டேன்.

நாலாம் தடவை தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அறையில் சாம்பல் நிற வெளிச்சம். மூன்று பேரும் ஒரே சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன். அப்போது அவன் பேசினான். அவன் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நீ கேக்கவே இல்லியே."

"என்னது?" என்றாள் அவள்.

"அவன எப்பிடி விட்டேன்னு."

என் நெஞ்சில் பட்டுக்கொண்டிருந்த அவள் முதுகில் மூச்சு நின்றது.

"இந்தக் கையில அவன், அந்தக் கையில மரம். விடியக்கால வெளுப்பு மொதல் உச்சி வர பிடிச்சிருந்தேன். அலை கொண்டு போச்சுன்னு ஊருல சொன்னேன். அலை ஒண்ணும் கொண்டு போவல்ல. எனக்க கை தளந்து போச்சு. ரெண்டுல ஒண்ண விடணும்னு ஆச்சு. மரத்த விடல்ல. அவன விட்டேன்."



அவள் கைகள் என் கைகளுக்குள் கட்டையாயின. ஒரு தடவை வெட்டி இழுத்தன. எடுத்துவிடப் போகிறாள், தலை பொத்தென்று கட்டிலில் விழப்போகிறது என்று நினைத்தேன். கீழே இருந்து தாங்கிக் கொடுக்க என்னால் முடியும். ஆனால் அது அவளைக் கட்டிப்போடுவதாகிவிடும். போவதானால் போகட்டும் என்று என் கைகளைக் கொஞ்சம் தாழ்த்தினேன். எத்தனை நேரம் அப்படி இருந்தோம் என்று சொல்லத் தெரியவில்லை. அவள் கைகள் போக நினைத்தன. போகவில்லை.

"அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டாள்.

"மாதாவேன்னு கூப்பிட்டான். பொறவு அக்காளேன்னு."

அவள் அழவில்லை. அழுதது அவன்தான், சத்தமில்லாமல். கண்ணீர் இடது காதுக்குள் இறங்கி அவள் விரல்களை நனைத்து என் விரலுக்கும் வந்தது. அதன் பிறகு தலையின் கனம் வந்தது. அப்பப்பா, ஒரு மனுஷத் தலைக்கு அத்தனை கனமா! கொஞ்சம் கொஞ்சமாக அதை எங்கள் நான்கு கைகளிலும் இறக்கிவிட்டு அவன் உறங்கினான். விழித்தபோது தாடைக்கும் தோளுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும் இடம் இருந்தது.

அவர்கள் எழுந்து போனார்கள். மழையில் அவள் முன்னால், வெகு தூரம் பின்னால் அவன்.

அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. எனக்கு லேஸில் கை ஓடவில்லை. கிளாஸ் பிள்ளைகள் பின்னியதில் தப்பு இருந்தும் கவனிக்காமல் விட்டேன். கழுத்தைச் சரியாக்கப் போய் ஒரு குடும்பத்தை உடைத்துவிட்டேனோ?

"நீயா அவனப் பேசச் சொன்னே?" என்றார் என் கணவர்.

"இல்ல."

"அவளக் கேக்கச் சொன்னியா?"

"இல்ல."

"பின்ன என்ன?" என்றார். ஆனால் அவரும் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்று வாரம் கழித்து அவள் தனியாக வந்தாள். கூடை இல்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்தாள்.

"அவருக்க கழுத்து பாதி திரும்பிட்டு டீச்சரே. இப்ப எனக்காக்கும் அவரப் பாக்க முடியல்ல. சோறு வைப்பேன். மூஞ்சிய நிமிந்து பாக்க மாட்டேன். அவரும் கேக்கதில்ல."

"படுங்க அக்கா," என்றேன்.

அவள் முதுகின் கீழே, நெஞ்சுக்கு நேர் பின்னால், கையைக் கொடுத்தேன். வெயிலில் காய்ந்த பலகையைப் போலிருந்தது. ஐந்து தடவை வந்தாள். முதல் மூன்று தடவையும் தூரம் நடந்து வந்து, படுத்து, கூரையைப் பார்த்துவிட்டுப் போனாள்.  நாலாவது தடவை, பாதி உறக்கத்தில், யாரிடமோ சொல்வதைப் போலச் சொன்னாள்:

"மரத்த விட்டிருந்தா ரெண்டு பேருமில்லா போயிருப்பாங்க."

 நான் கையை எடுக்காமல் வைத்திருந்தேன். பலகை மெல்ல இளகி ஒரு பெண்ணின் முதுகாயிற்று. அன்றைக்கு அவள் அழுதாள். தம்பியைச் சின்ன வயதில் இடுப்பில் தூக்கி வைத்திருந்ததை, அவன் தலைமுடியின் நாற்றத்தை, அவனுக்குப் பிடித்த சாளை மீன் கறியைச் சொல்லிச் சொல்லி அழுதாள். நான் வெந்நீர் போட்டுக் கொடுத்தேன். முகத்தைக் கழுவிவிட்டு, "அவரு இண்ணைக்குக் கடலுக்குப் போயிருக்காரு. நேரமே போணும்" என்று எழுந்தாள். எட்டொன்பது மாசத்துக்குப் பிறகு அவன் கடலில் இறங்கிய முதல் நாளாம் அது. அதை அவள் வந்த உடனே சொல்லவில்லை.

பங்குனியில் எங்களை வீட்டுக்கு அழைத்தார்கள். என் கணவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு தானே வண்டி பிடித்துக்கொண்டு வந்தார். திங்கள்சந்தை வழியாகக் கடியப்பட்டணத்துக்குப் போனபோது பொழுது நன்றாக ஏறியிருந்தது. அவள் எங்களைக் கரைக்கு அழைத்துப் போனாள். கடல் பால்போல வெளுத்து, எங்கே முடிகிறது எங்கே வானம் தொடங்குகிறது என்று தெரியாமல் கிடந்தது. அந்த வெளுப்புக்குள்ளிருந்து மரங்கள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன. கண் கூசி, ஆட்களை அடையாளம் தெரியவில்லை. ஒருவனை மட்டும் தெரிந்தது. துடுப்பை ஊன்றி நின்றவனின் தலை இடப்பக்கம் சற்றே சாய்ந்திருந்தது.

"இன்னும் கொஞ்சம் சாயுது, இல்லியா?" என்றாள் அவள்.

"ஆமா. அது முழுக்கப் போவாதுன்னு நெனைக்கேன் அக்கா."

"கெடக்கட்டும்," என்றாள்.

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். அவன் மரத்திலிருந்து குதித்து வலையைத் தூக்கினான். அவள் மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டார்கள். அலைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அவள் சிரித்ததைப் போல இருந்தது. பிறகு மீனைக் கூடையில் அள்ளத் தொடங்கினார்கள். என் கணவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வலையின் நடுப்பகுதி மணலில் புரளாமல் தூக்கிப் பிடிக்க ஓடினார்.